தப்பு இருக்கட்டும், பீப்பீ வேண்டாம்

இந்தப் பொங்கலோடு எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அடுத்த புட்போல் டோர்னமெண்டிலிருந்து சத்தம் போடுகிற எந்தச் சாமானையும் கிரவுண்டுக்குள் விடக்கூடாது என்று விளையாட்டுக் கழகத்துப் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். பீப்பீ, டிரம், தப்பு, ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிட்டன. இளையவர்களில் பாதிப்பேர் கொதித்துப் போயிருக்கிறார்கள். மீதிப்பேர், "நல்லதுதான், இனி நிம்மதியா வெளாடலாம்" என்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீப்பீயைத் தடுப்பது சரி. தப்பைத் தடுப்பது பெரிய பிழை. இரண்டையும் ஒரே வரியில் எழுதியதுதான் இந்தத் தீர்மானத்தின் கோளாறு.

எங்கள் பக்கத்து கிரவுண்டுகளைப் பார்க்காதவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். பதுளை நகரத்தில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. அது மைதானமென்றால் மைதானம். பசறை, மடுல்சீமை, நமுனுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் கதை வேறு. மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம்தான் கிரவுண்ட். ஒரு பக்கம் தேயிலை மேலே ஏறும், இன்னொரு பக்கம் கீழே சரியும். பந்து சரிவில் போனால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேட இரண்டு சின்னப் பையன்களை நிறுத்திவைப்போம். மூன்றாவது பக்கம் லயம். ஓங்கி அடித்த பந்து கூரைத் தகரத்தில் விழுந்தால் உள்ளே தொட்டில் பிள்ளை எழுந்துவிடும். பார்க்க வருகிறவர்களுக்குத் தனியாக இடமில்லை. மண் திட்டில் உட்கார்ந்துகொள்வார்கள், கோட்டுக்கு ஒட்டி நிற்பார்கள், சிலர் தங்கள் இஸ்தோப்பிலிருந்தே பார்ப்பார்கள். ஆட்டம் பார்க்கிற இடமும் ஆள் குடியிருக்கிற இடமும் இங்கே ஒன்றுதான். சத்தத்தைப் பற்றி எது பேசினாலும் இதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

இந்தப் பொங்கல் ஆட்டத்தில் நடந்தது இதுதான். கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற பசங்கள் ஊருக்கு வரும்போது புறக்கோட்டையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் பீப்பீக்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். காலையில் முதல் ஆட்டத்தில் தொடங்கிய ஊதல், இருட்டிய பிறகுதான் நின்றது. அரையிறுதியில் ஒரு பையன் முழங்கால் மடங்கி விழுந்தான். நடுவர் விசில் ஊதினார், திரும்பவும் ஊதினார். அந்த விசில் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. பந்து வைத்திருந்தவன் ஓடிக்கொண்டேயிருந்தான், விழுந்தவனின் கால்மேல் இன்னொருவன் இடறினான். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை அந்தப் பையனின் அப்பா கழகத்துக்காரர்களிடம் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

கிரவுண்டுக்குப் பக்கத்து லயத்திலிருந்து ஒரு அக்காவும் வந்தார். வீட்டில் நோயாளியான அம்மா. "ரெண்டு நாளா அம்மா கண்ணே மூடல தம்பி. அந்த ஊத்தல மொதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க. தப்பையும் கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னு அடிக்கச் சொன்னா புண்ணியமாப் போகும்" என்றார். ஊதலை நிறுத்தச் சொன்னார், தப்பைத் தள்ளி நிற்கச் சொன்னார். கழகத்தின் பட்டியலில் இல்லாத நிதானம் அவருடைய அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது.

இந்தப் பீப்பீயைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் மூலம் உலகம் அறிந்த பெயர் வுவுசெலா. 2010 ஜூன் 11, உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம், ஜோகன்னஸ்பர்க் சொக்கர் சிட்டி மைதானத்தில் தென்னாபிரிக்காவும் மெக்சிகோவும். நமக்கு அப்போது இரவு ஏழரை மணி. டீவி இருந்த காம்பராக்களில் கூடியிருந்த ஆட்கள், டீவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். தேனீக்கூட்டம் கலைந்த இரைச்சல். 55 ஆவது நிமிடத்தில் சிபிவே சபலாலா அடித்த அந்த அற்புதமான கோலுக்குக்கூட இரைச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோலுக்கு முன்னும் அதே சத்தம், பின்னும் அதே சத்தம்.

அதற்கு முந்திய ஆண்டே, 2009 கொன்பெடரேஷன் கிண்ணத்தின்போது, ஸ்பெயினின் சாபி அலொன்சோ இதைத் தடை செய்யச் சொன்னார். 2010 இல் பிரான்ஸ் அணித்தலைவர் பட்ரிஸ் எவ்ரா, ஆடுகளத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்றார். பிபிசிக்கு நேயர்களிடமிருந்து நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் போயின. அப்போதைய பிபா தலைவர் செப் பிளாட்டர் தடைக்கு இணங்கவில்லை. ஆபிரிக்காவில் நடக்கிற கிண்ணத்தை ஐரோப்பியக் கிண்ணமாக்க முயலக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. பிளாட்டரைப் பற்றி நல்லது சொல்ல அதிகம் இல்லை, ஆனால் இந்த ஒரு விடயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்ததென்று நான் நினைக்கிறேன். சொவெட்டோவின் கைசர் சீப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் ஆட்டங்களில் அந்த ஊர் மக்கள் ஊதிப் பழகிய ஊதல் அது. அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் அவர்கள் சத்தத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. அங்கேயே அது யாருடையது என்ற வழக்கும் இருந்தது. பிரெடி மாக்கே என்ற ரசிகர், 1960களில் சைக்கிள் ஹோர்ன் ஒன்றிலிருந்து தான் உருவாக்கியது என்றார். ஷெம்பே திருச்சபையினரோ அது தங்கள் வழிபாட்டு ஊதல் என்று நீதிமன்றம் போகப் போவதாகச் சொன்னார்கள். 2001 அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கடைக்குக் கொண்டுவந்தவர் நீல் வான் ஷால்க்விக் என்ற தொழில்முனைவர். உலகக் கிண்ணம் வந்ததும் சீனத் தொழிற்சாலைகள் அதைப் பெருமளவில் ஊற்றித் தள்ளின. அந்த வழியாகத்தான் அது புறக்கோட்டைக்கும், அங்கிருந்து எங்கள் மலைக்கும் வந்து சேர்ந்தது.

2010 செப்டெம்பர் 1 அன்று ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் தன் போட்டிகள் அனைத்திலும் அதைத் தடை செய்தது. ரசிகர்களின் பாட்டையும் கூச்சலையும் அது விழுங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். 2022 கட்டாரிலும் வுவுசெலாவை உள்ளே விடவில்லை.

பீப்பீ வெளியூர்ச் சாமான் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. புட்போலே வெளியூர்ச் சாமான்தான், துரைமார் கொண்டுவந்தது. கிரிக்கெட் சமர்களில் வாசிக்கிற பப்பரே வாத்தியமும் நம் தோட்டத்தில் பிறக்கவில்லை, ஆனாலும் கேட்டால் நம் கால் தானாக ஆடுகிறது. என் குறை பீப்பீ செய்யப்பட்டிருக்கிற விதத்தில்தான் இருக்கிறது.

அதில் துளை இல்லை, விசை இல்லை. உதடு அதிரும்போது வருவது ஒரே ஒரு சுரம், ஏறத்தாழ 233 ஹேர்ட்ஸ். கூம்பாக விரிவதால் அந்தச் சுரத்தின் மேல் அதிர்வுகளும் பலமாக வெளியே வரும். மனிதர் பேசுவதும் கூப்பிடுவதும் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த எல்லையைத்தான் அது அடைத்துக்கொள்கிறது. பத்துப் பேர் ஊதினால் பத்தும் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கும், அதிலிருந்துதான் அந்தத் தேனீ இரைச்சல். ஊதுகிறவன் அதில் தாளம் பிடிக்கலாம், மெல்ல ஊத முடியாது. மெல்ல ஊதினால் சத்தமே வராது. ஆகவே ஆட்டம் எப்படிப் போனாலும் அதற்கு ஒரே நிலைதான்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்கும் கருவி செய்கிற போனாக் நிறுவனத்தின் அமைப்பு ஒன்று 2010 இல் ரசிகர்களின் வாத்தியங்களை அளந்து பார்த்தது. வுவுசெலா 127 டெசிபல். நடுவரின் விசில் 121.8. சம்பா மேளம் 122. காதுக்குப் பக்கத்தில் அளந்த கணக்குகள் இவை. வேலைத்தளங்களுக்கு நிபுணர்கள் வைத்திருக்கிற எல்லை 85 டெசிபல், அதுவும் எட்டு மணித்தியாலத்துக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணித்தியாலம்தான். எங்கள் கிரவுண்டில் பெரியவன் ஊதுகிற பீப்பீயின் வாய், அவனுக்கு முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளையின் காதுக்கு நேராக இருக்கிறது. ஸ்டேடியம் என்றால் சத்தம் வானத்துக்குப் போகவாவது வழி உண்டு. ஊவாவின் பள்ளத்தாக்கில் எதிர்மலை அதைத் திருப்பி அனுப்பும். பொழுது சாய்ந்து பள்ளத்தில் குளிர்காற்று தங்கத் தொடங்கிவிட்டால் சத்தம் மேலே போகாமல் நிலத்தோடு வளைந்து நெடுந்தூரம் ஓடும். மாலையில் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் பாட்டு நம் வாசலில் கேட்பது அதனால்தான். காலை ஆட்டத்தைவிடக் கடைசி ஆட்டம் லயத்து ஆட்களை அதிகம் வருத்துவதற்கும் இதுவே காரணம்.

மேளமும் 122 டெசிபல்தானே, தப்பு மட்டும் என்ன சாமி வாத்தியமா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பும் பலமான சத்தம்தான். காதுக்குப் பக்கத்தில் அடித்தால் அதுவும் கெடுதல்தான். ஆனால் தப்பு அடிக்கிறவர் ஆட்டத்தைப் பார்க்கிறார்.

எங்கள் பக்கத்தில் தப்பு அடிக்கிற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, பந்து யாரு காலுல இருக்குன்னு பாத்துத்தான் கை போகுது. சும்மாவா அடிக்கிறோம்?" என்றார். அடுத்த ஆட்டத்தில் நான் பந்தை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடு கிரவுண்டில் பந்து தத்திக்கொண்டிருக்கும்போது இடக்கையிலுள்ள சுண்டுக்குச்சி மட்டும் ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஒருவன் வெட்டிக்கொண்டு ஓடியதும் அடிக்குச்சி இறங்கியது. கோர்னர் என்றதும் நிறுத்தினார், பந்து உயர்ந்ததும் எடுத்தார். எதிரணிப் பையன் வயிற்றில் அடிபட்டு உட்கார்ந்தபோது குச்சி இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அவன் எழுந்து நடக்கும்வரை எடுக்கவில்லை. யாரும் அவருக்கு விதி எழுதிக் கொடுக்கவில்லை.

தப்பு அப்படி வளர்ந்த வாத்தியம். மரச்சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டிக் காயவைக்கிறார்கள். ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், காய்ச்சினால்தான் குரல் எழும்பும். பொங்கல் காலம் ஊவாவுக்கு மழைக்காலம், அதனால் கிரவுண்டின் மூலையில் கவ்வாத்து மிளாறைக் கொளுத்திவிட்டு இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் தப்பைக் காய்ச்சுவார்கள். ஆகஸ்ட்டில், கச்சான் காற்று வீசுகிற வறட்சியில், அந்த வேலை அவ்வளவு இருக்காது. காமன் கூத்துக்கு ஒரு அடி, காவடிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. மேல் லயத்தில் தப்பு கேட்டால், என்ன விசேஷம் என்று கீழ் லயத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை, அடியே சொல்லிவிடும். எதிரணி கோல் வாங்கியதும் கேலிக்காகச் சாவு அடியை அடிக்கச் சொல்லிப் பசங்கள் வற்புறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஆட்கள் அடிக்க மாட்டார்கள். அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இப்படித் தனக்குத்தானே எல்லை வைத்துக்கொண்ட வாத்தியத்தையும், கடையில் வாங்கி வாயில் வைத்த பிளாஸ்டிக்கையும் ஒரே தடையில் கட்டுவது எப்படி நியாயமாகும்?

தப்புக்கு இந்த மலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு காலத்தில் விடியுமுன்னே ஆட்களை எழுப்பி வேலைப் பெரட்டுக்குக் கூப்பிட்டது தப்புதான். சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்து வாழ்வைப் பற்றி எழுதியவற்றில் அந்த விடியற்காலைச் சத்தம் இருக்கிறது. தோட்டத்துரைக்குத் தப்பு ஒரு மணிக்கூடு. அதே நேரம், நம் ஆட்கள் தங்களுக்காக அடிக்கிற மேளம் வெள்ளைக்கார ஆட்சிக்குத் தொந்தரவு. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், மேளதாளத்தோடு ஊர்வலம் போக அனுமதி கேட்க வைத்தது. வேலைக்குக் கூப்பிட்டால் ஒழுங்கு, கொண்டாட்டத்துக்கு அடித்தால் இரைச்சல். நம் பாட்டன்மார் குளிரில் எழுந்து வரிசையில் நிற்க அடித்த அதே தப்பை, அவர்களுடைய பேரப்பிள்ளை கோல் அடிக்கும்போது நாம் நம் விருப்பத்துக்கு அடிக்கிறோம். எனக்கு அது சின்ன விடயமாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தடைப் பேச்சில் ஒரு பெரியவர், "சாவுக்கு அடிக்கிறத எதுக்குடா கிரவுண்டுக்குக் கொண்டாறீங்க?" என்று கேட்டார். அவர் பேசியது சத்தத்தைப் பற்றியல்ல. தப்பை யார் அடிக்கிறார்கள் என்பதைப் பற்றி. நம் தோட்டங்களில் சாதியே இல்லை என்று மேடையில் சொல்வோம். தப்பு அடிக்கிறவரைக் கூப்பிடுகிற விதத்திலும், பந்தியில் அவருக்கு இடம் கொடுக்கிற விதத்திலும் அது இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பறைக்கும் இதே நிலைதான் இருந்தது. அங்கே இளைஞர்கள் ஆணும் பெண்ணுமாகப் பறை பழகி அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2025 இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது. எங்கள் கிரவுண்டில் அதற்கு ஒரு சின்னத் தொடக்கம் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. எந்த வீட்டுப் பையனும் ஆட்ட உற்சாகத்தில் பெரியவரிடமிருந்து தப்பை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். அவர் அவனுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். வேறு எந்த இடத்தில் இது நடக்கிறது? கோயிலில் நடக்கவில்லை. கல்யாண வீட்டில் நடக்கவில்லை. அந்த ஒரு இடத்தையும் சத்தத்தின் பெயரால் மூடிவிடக் கூடாது.

பப்பரேயைப் பற்றியும் கேட்கிறார்கள். பாடசாலைகளின் பெரும் கிரிக்கெட் சமர்களில் டிரம்பெட், சிம்பல், மேளத்தோடு பைலா மெட்டுகளில் வளர்ந்தது அது. ரோயல், சென். தோமஸ் சமர் 1879 இலிருந்து நடக்கிறது என்றால் அந்தக் கொண்டாட்டத்துக்கு எவ்வளவு காலம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். பப்பரே எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது கிரிக்கெட்டின் இடைவெளிகளில் வாழ்கிறது. ஓவர் முடிந்தால் ஒரு மெட்டு, விக்கெட் விழுந்தால் ஒரு மெட்டு, தண்ணீர் வந்தால் இன்னொன்று. புட்போலில் அந்த இடைவெளி கிடையாது. பந்து ஓடிக்கொண்டேயிருக்கும்போது ஒரு முழுப் பாட்டை வாசிக்கத் தொடங்கினால், வாசிக்கிறவர்கள் பாட்டையும் விளையாடுகிறவர்கள் ஆட்டத்தையும் தனித்தனியே முடிப்பார்கள். ஆட்டத்துக்கு முன்னும், இடைவேளையிலும், கிண்ணம் கொடுக்கும்போதும் பப்பரே வரட்டும், மகிழ்ச்சி. ஆட்டத்துக்குள்ளே தாளம்தான் பொருந்தும்.

உலகமும் இதைத்தான் காட்டியிருக்கிறது. லயத்துக் கூரைகளில் உலகக் கிண்ணத்துக்கு நீல வெள்ளைக் கொடி கட்டுகிற ஆர்ஜென்டினா ரசிகர்களுக்கு தூலாவைத் தெரிந்திருக்கும். கார்லோஸ் பஸ்குவால் என்பது இயற்பெயர். பெரிய மேளத்தோடு 1974 இலிருந்து 2022 வரை உலகக் கிண்ணங்களுக்குப் போனவர். 2023 பெப்ரவரியில் பிபா சிறந்த ரசிகர் விருதை ஆர்ஜென்டினா ரசிகர்களுக்குக் கொடுத்தபோது, பாரிஸ் மேடைக்கு ஏறி அதை வாங்கியவர் அந்த மேளக்காரக் கிழவர்தான். ஸ்பெயினுக்கு மனோலோ, 1982 கிண்ணத்திலிருந்து மேளத்தோடு வந்தவர். பிரேசிலிலோ 2014 கிண்ணத்துக்காகக் கஷிரோலா என்று ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பையை, புகழ்பெற்ற இசைக்கலைஞர் கார்லினியோஸ் பிரவுனைக் கொண்டே வடிவமைத்தார்கள். 2013 ஏப்ரலில் சால்வடோரில் ஒரு ஆட்டத்தின்போது தோற்ற அணியின் ரசிகர்கள் அதை ஆடுகளத்துக்குள் வீசியெறிந்தார்கள். அதோடு அதை ஸ்டேடியத்துக்குள் விடுவதில்லை என்றாகிவிட்டது. மக்கள் பழகி வளர்த்த வாத்தியம் நிற்கிறது, விற்பதற்காக ஊற்றிய பிளாஸ்டிக் நிற்பதில்லை.

ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. நம் ஆட்டங்கள் பகலில் நடப்பதால் அந்த இரவுத் தடை நம்மைத் தொடாது என்று சிலர் சொல்வது சரிதான். ஆனால் தேயிலை ஸ்டோரில் ராவேலை செய்துவிட்டு வந்த ஆள் தூங்குவது பகலில்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு லயத்தில் வேறு அறை கிடையாது. வர்ணனைக்கு ஒரு சின்னப் பெட்டி, அதுவும் லயத்துக்கு முதுகு காட்டி. அது போதும்.

கழகத்துக்காரர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பட்டியலிலிருந்து தப்பை எடுத்துவிடுங்கள். பீப்பீயையும், வாயு டப்பாவில் அலறுகிற ஹோர்னையும் வாசலிலேயே வாங்கி வைத்து, போகும்போது திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளிடம் பறித்து உடைக்க வேண்டாம். தப்புக்காரர்களுக்கு லயத்துக்கு எதிர்ப்பக்கத் திட்டில், கோல் போஸ்டுக்குப் பின்னால் இல்லாமல் நடுக்கோட்டுக்கு நேரே, ஒரு இடம் ஒதுக்குங்கள். கோல் காவலனும் பின்வரிசையும் பேசிக்கொள்வது அப்போது கெடாது. சின்னப் பிள்ளைகளை அவர்களுக்கு முன்னால் நிற்க விடாதீர்கள். நடுவர் கையை உயர்த்தினால் குச்சி நிற்க வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்னமே அவரையும் தப்புக்காரரையும் சேர்த்து நிறுத்திப் பேசிவிடுங்கள். லயத்தில் சாவோ கடும் நோயோ என்றால் அன்று தப்பே வேண்டாம், அதைத் தப்புக்காரர்களே உங்களுக்கு முதலில் சொல்வார்கள். கடைசி ஆட்டம் ஐந்தரைக்குள் முடியட்டும்.

இன்னொன்று. இதுவரை அவர்களுக்கு நாம் கொடுத்தது ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு போத்தலும். அது மரியாதை இல்லை. கிண்ணத்துக்கும் மெடலுக்கும் காசு சேர்க்கும்போது, தப்பு அடிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு நாள் பேருக்குக் குறையாத சம்பளத்தைச் சேர்த்து எழுதுங்கள். பரிசளிப்பின்போது அவர்களையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்கள்.

ஆகஸ்ட் விடுமுறை ஆட்டங்களுக்கான கூட்டம் விரைவில் நடக்கும். ஹாலிஎலையிலோ லுணுகலையிலோ ஹப்புத்தளையிலோ உங்கள் தோட்டத்தில் இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். கூட்டத்தில் நான் அதையும் எடுத்துச் சொல்வேன்.